எண்ணெய் தேய்த்த கை

வெள்ளாயணி, திருவனந்தபுரம்
8-1-1973

வடசேரி ஒர்க்‌ஷாப் முதலாளி தாணுவுக்கு, உன் அத்தான் பகவதிப்பெருமாள் சொல்ல உன் அக்கா செண்பகவல்லி எழுதுவது.

முதலாளி என்று போடச் சொன்னதும் உன் அக்காளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. போன ஆவணியில் என் டிரைவர் பிச்சையா டிராக்டரின் பிரேக்கைக் கழற்றி உன்னிடம் கொண்டுவந்தான். நீ புது லைனிங் அடித்துக் கொடுத்தாய். தை பிறக்கவில்லை, அதற்குள் வண்டி நிற்கமாட்டேன் என்கிறது.

காயலோரத்தில் தண்ணீர் இறைத்தாகிவிட்டது, உழவு தொடங்கியாகிவிட்டது. வயலில் ஒரு குழப்பமும் இல்லை. வீட்டுக்கு ஏறுகிற ஏற்றம்தான் காரியம். உனக்குத் தெரிந்த ஏற்றம்தான். புது வீட்டுப் பால்காய்ப்புக்கு வந்து, இலையை விட்டு எழுந்து இறங்கிப் போனாயே, அதே செம்மண் ஏற்றம். அதில் பாதியில் என் ஷெட். அங்கே நிறுத்தி, பிரேக்கை மிதித்துக் கொக்கியை மாட்டினால் முன்பெல்லாம் அசையாமல் நிற்கும். இப்போது நான் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் பின்னால் நழுவுகிறது.

பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து வாங்கிய வண்டி. கேடு வண்டியில் இல்லை, வேலை செய்த கையில்தான். கரி பிடித்த கைக்கு வெளியில் இலை போட்டேன் என்று அன்றைக்கு ரோஷப்பட்டாய். அந்தக் கையின் லட்சணத்தை இப்போது பார். என்ன கேடு என்று உடனே எழுது.

பகவதிப்பெருமாள்

*

வடசேரி, நாகர்கோவில்
11-1-1973

அத்தான் அவர்களுக்குத் தாணு எழுதுவது.

உமக்கு மலையாளப் பள்ளிக்கூடம். தமிழில் உம்ம பேரைக்கூட அக்காதான் எழுத வேண்டும். ஆகவே இந்தக் கடிதத்தையும் அவள்தான் உமக்கு வாசித்துக் காட்டுவாள். அக்கா, அவசரப்படாதே. நிறுத்தி நிறுத்தி, உரக்க வாசி. அத்தான் முகம் போகிற போக்கை நான்தான் பார்க்க முடியாது, நீயாவது பார்.

என் கரிக்கை அடித்த லைனிங் நாஞ்சில் நாடு முழுக்க ஓடுகிறது. உம்மிடம் வந்தது மட்டும் நிற்கவில்லை என்றால், வண்டியைவிட முதலில் ஓட்டுகிறவரைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும். அது முடியாது என்பதால் வண்டியையே பார்ப்போம்.

மிதியை அழுத்திக் கொக்கியை மாட்டிவிட்டு, வண்டி நழுவும்போது மிதியைப் பாரும். மிதி தானாக மேலே எழும்பினால் கொக்கியின் பல் தேய்ந்துவிட்டது, அதோடு விஷயம் முடிந்தது. மிதி கீழேயே இருந்தும் வண்டி நழுவினால் கேடு உள்ளே. இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்த்துப் பூட்டுகிற கொண்டியையும் பாரும். அது விட்டிருந்தால் ஒரு சக்கரம்தான் பிடிக்கும், வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு இறங்கும். பிறகு, இஞ்சினை அணைத்ததும் முதல் கியரில் போட்டு நிறுத்துகிறீரா, இல்லை பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிவிடுகிறீரா? இதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் வரட்டும். படித்தவர் போல நடிக்காமல், பார்த்ததை மட்டும் சொல்லும்.

தாணு

*

வெள்ளாயணி
15-1-1973

தாணுவுக்கு,

நீ சொன்ன வாசிப்பு நடந்தது. உன் அக்கா ஒரு இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் சமையற்கட்டுக்குள் ஓடினாள். திரும்பி வந்ததும் மிச்சத்தை நின்றுகொண்டு வாசிக்கச் சொன்னேன். அன்று ராத்திரி சோறு வேண்டாம் என்றேன். நான் சாப்பிடாவிட்டால் அவளும் சாப்பிடமாட்டாள், உனக்குத் தெரியுமே.

இனி காரியம். மிதி கீழேயேதான் இருக்கிறது, எழும்பவில்லை. கொண்டி விடவில்லை, வண்டி நேராகத்தான் இறங்குகிறது. கியரில் போட்டுத்தான் நிறுத்துகிறேன், நான் குழந்தையில்லை. கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு கியர் தானாக வெளியே சாடிவிடும்.

இப்போதைக்குப் பிச்சையா கல் வைக்கிறான். நான் ஏற்றத்தில் நிறுத்தும்போது அவன் பின்னால் குனிந்து நின்று, சக்கரம் நழுவத் தொடங்குகிற அந்த நேரத்தில் அடியில் கல்லைத் தள்ள வேண்டும். முன்பே வைத்தால் நான் நிறுத்துகிற இடம் தப்பிவிடும். பிந்தினால் கல் உருண்டுவிடும். போன வாரம் அவன் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. இனிக் கல் வைக்கமாட்டேன், ஆளை மாற்று என்கிறான்.

பொங்கலுக்கு வண்டி ஓடவில்லை. அதனால் ஒரு பக்கத்து லைனிங்கைக் கழற்றி, நாகர்கோவில் பஸ் கண்டக்டர் சொரிமுத்து கையில் கொடுத்திருக்கிறேன். பார்த்துவிட்டு அவன் கையிலேயே திருப்பி அனுப்பு. உன் வாய்க்கொழுப்பை அதோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.

பகவதிப்பெருமாள்

*

வடசேரி
17-1-1973

அத்தான் அவர்களுக்கு,

பொட்டலத்தைப் பிரித்ததும் இன்றைக்குத் தீபாவளியோ என்று ஒரு நிமிஷம் குழம்பிவிட்டேன். உம்ம லைனிங் நல்லெண்ணெயில் குளித்திருக்கிறது!

கியர்ப் பெட்டியின் எண்ணெய் உள்ளேயிருந்து கசிந்திருந்தால் அது கறுப்பாக, கொழகொழவென்று, மூக்கைப் பிடிக்கிற நாற்றத்தோடு இருக்கும். அப்படியானால் சீல் போயிருக்கிறது என்று சொல்லியிருப்பேன். இது செக்கில் ஆட்டிய எண்ணெய். வெளியிலிருந்து ஊற்றாமல் உள்ளே போக வழியில்லை. எண்ணெய் குடித்த லைனிங் பிடிக்காது அத்தான், துடைத்தாலும் பிடிக்காது, வெயிலில் போட்டாலும் பிடிக்காது. தூக்கி எறிய வேண்டியதுதான். இப்போதைக்கு அதையே சொரிமுத்து கையில் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உம்மை எனக்குத் தெரியாதா? சனிக்கிழமை தோறும் வண்டிக்கு எண்ணெய் தேய்த்து, பொட்டு வைத்து, மினுக்கி, வலியசாலை அக்ரகாரத்திலிருந்து ஆள் வந்தால் காட்டிக் காட்டிப் பெருமைப்படுகிறவர் நீர். பிரேக்குக்கும் சேர்த்துத் தலை முழுகிவிட்டீர். இதில் என் கையில் குற்றமாம்!

புது லைனிங் வரும்வரைக்கும் என் தீர்ப்பு இது. பாவம் பிச்சையாவை விட்டுவிடும். எந்தக் கை எண்ணெய் தேய்த்ததோ அந்தக் கை கல் வைக்கட்டும். அக்கா, இந்த வரியை மட்டும் இரண்டு தடவை வாசி.

தாணு

*

வெள்ளாயணி
20-1-1973

தாணுவுக்கு,

இரண்டு தடவை வாசிக்கச் சொல்லியிருந்தாய். உன் அக்கா ஒரு தடவை வாசித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். நீ சொன்னபடி இரண்டாம் தடவையும் வாசிக்க வைத்தேன்.

இந்த வீட்டில் வண்டிக்கு எண்ணெய் தேய்க்கிறது யார் என்று நினைத்தாய்? நான் கண்ட்ராக்டர்களோடு பேசுகிற நேரத்தில் துணியும் கிண்ணமும் எடுத்துக்கொண்டு நிற்பேனா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சனிக்கிழமை எண்ணெய் உன் அக்காளுடைய வேலை. பிரேக்குக்குள் ஊற்றியதும் அவள் கைதான். அவளே ஒத்துக்கொண்டாள்.

நல்ல தீர்ப்பு. எனக்கே தோன்றவில்லை. பிச்சையாவைப் பின்னாலிருந்து எடுத்துவிட்டேன். முந்தாநாளிலிருந்து உன் அக்காதான் கல். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் நிற்கிறாள். முதல் நாள் பிந்தித் தள்ளினாள், இப்போது கொள்ளாம், பரவாயில்லை. சொல்லித் தந்தால் படித்துக்கொள்வாள்.

இதை எழுதும்போது அவள் பேனாவை ரொம்ப அழுத்துகிறாள். காகிதத்தின் பின்பக்கத்தைத் தடவிப் பார், தெரியும்.

பகவதிப்பெருமாள்

*

வடசேரி
22-1-1973

அத்தான் அவர்களுக்குத் தாணு வணக்கமாக எழுதிக்கொண்டது.

எழுதியது தப்பு. நான் உங்களைக் குத்திக் காட்டத்தான் எழுதினேன். அவளை அல்ல. அவள் எண்ணெய் தேய்ப்பாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் கை அந்த வரியை எழுதியிருக்குமா? அந்த வரி இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

சொரிமுத்து கையில் இரண்டு பக்கத்துக்கும் புது லைனிங் கொடுத்தனுப்புகிறேன். கூடவே சின்ன உருண்டையும் ஸ்பிரிங்கும் இருக்கும். கியர்த்தடியின் மூடியைக் கழற்றினால் உள்ளே கியர் கம்பியை இடத்தில் பிடித்து நிறுத்துகிற ஸ்பிரிங் தெரியும். அது தளர்ந்ததால்தான் கியர் வெளியே சாடுகிறது. பிச்சையாவுக்கு மாட்டத் தெரியும், ஒரு காலை வேலைதான். டிரம்மின் உள்பக்கத்தைப் பெட்ரோலில் நனைத்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புது லைனிங்கும் எண்ணெய் குடித்துவிடும்.

அதுவரைக்கும் யாரும் குனிய வேண்டாம். ஒரு கட்டையை ஆப்பு மாதிரிச் சீவி, அதில் நீளமான கம்பு ஒன்றை அடித்து வைத்துக்கொள்ளுங்கள். தள்ளி நின்றே சக்கரத்துக்கு அடியில் தள்ளிவிடலாம். கை கிட்டே போகவே வேண்டாம். தயவு பண்ணுங்கள் அத்தான்.

அக்கா, ஒரு வரி உன் சொந்தமாக எழுது. நன்றாக இருக்கிறேன் என்று மட்டுமாவது எழுது.

தாணு

*

வெள்ளாயணி
26-1-1973

தாணுவுக்கு,

இந்தத் தடவை ‘நீர்’ போய் ‘நீங்கள்’ வந்திருக்கிறது என்று உன் அக்கா சொன்னாள். எனக்கு நல்ல சந்தோஷம். லைனிங்கும் ஸ்பிரிங்கும் வந்து சேர்ந்தன. ஷெட்டில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

மாட்டப் போவதில்லை. நீ வந்துதான் மாட்ட வேண்டும். வருகிறவன் சாப்பிடாமல் போகக்கூடாது அல்லவா? பால்காய்ப்பன்று நீ எழுந்து போன அதே இடத்தில், வெளி வராந்தாவில், இலை போடுவேன். அன்றைக்கு இருந்தவர்களையெல்லாம் கூப்பிடுவேன், வலியசாலை பட்டாபி சாமி முதற்கொண்டு. அவர்கள் பார்க்க உட்கார்ந்து, வயிறு நிறையத் தின்று, இலையை மடித்துவிட்டு எழுந்து, பிறகு பிரேக்கைத் தொட்டால் போதும். அதுவரை கல் வைக்க ஆள் இருக்கிறது. கம்பு அடித்த கட்டையெல்லாம் என் ஏற்றத்தில் நிற்காது.

உன் அக்காளிடம் சொந்தமாக ஒரு வரி எழுதக் கேட்டாயாம். எழுது என்றேன். ஒன்றுமில்லை என்கிறாள்.

பகவதிப்பெருமாள்

*

வடசேரி
29-1-1973

அத்தான் அவர்களுக்கு,

வருகிறேன். வெளி இலையில் உட்காருகிறேன். ஆனால் முதலில் பிரேக்கை மாட்டுவேன், பிறகுதான் சாப்பாடு. வேலை செய்த கையைக் கழுவிவிட்டு உட்காருவதுதான் முறை. பிச்சைக்காரனுக்குச் சோறு போட்டு வேலை வாங்குகிற மாதிரி நான் வந்து உட்காரமாட்டேன். இந்த ஒன்றில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும்.

தாணு

*

வெள்ளாயணி
1-2-1973

முதலில் இலை. பிறகு பிரேக்.

பகவதிப்பெருமாள்

*

வடசேரி
5-2-1973

அத்தான் அவர்களுக்கு,

உடனே பதில் எழுத மனசு வரவில்லை. எழுதுவேன், கிழிப்பேன். இன்று காலை ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது, ஜாக்கி கொஞ்சம் இறங்கி, என் கைக்குப் பக்கத்தில் சக்கரம் வந்து உட்கார்ந்தது. அப்போதுதான் புத்தி வந்தது.

நீங்கள் சொன்னபடியே ஆகட்டும். முதலில் இலை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். அதுவரைக்கும் வண்டியை ஏற்றத்தில் ஏற்றாதீர்கள், கீழே சமதளத்திலேயே நிற்கட்டும்.

தாணு

*

வெள்ளாயணி
7-2-1973

ஸ்ரீமான் தாணு அவர்களுக்கு, பகவதிப்பெருமாள் பிள்ளை அவர்கள் சொல்ல, வலியசாலை பட்டாபி எழுதுவது. க்ஷேமம். கையெழுத்து மாறியிருப்பது பற்றிக் கவலைப்படுவீர்கள் என்பதால் முதலிலேயே தெரிவிக்கிறேன். இனி அவர் சொல்வது.

உன் கடிதம் இன்று காலை வந்தது. ஒரு நாள் முந்தியிருக்கலாம். நேற்றுச் சாயங்காலம் வண்டியை ஏற்றத்தில் நிறுத்தினேன். கியர் போட்டேன், கொக்கி மாட்டினேன். உன் அக்கா குனிந்து கல்லைத் தள்ளினாள். அந்த நேரம் பார்த்துக் கியர் சாடிவிட்டது. கல்லோடு சேர்ந்து வலது கையும் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. சத்தம் போட்டிருந்தால் நான் உடனே முன்னால் எடுத்திருப்பேன். அவள் சத்தம் போடவில்லை. பிச்சையாதான் அலறினான்.

பெரியாஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லை என்றார்கள்.

நீ அனுப்பிய லைனிங்கையும் ஸ்பிரிங்கையும் இன்று காலை பிச்சையா மாட்டினான். நீ எழுதியது சரிதான், ஒரு காலை வேலைதான். இப்போது வண்டி ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. கெட்டிக்காரன் நீ, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ பிரேக்குக்காக வர வேண்டியதில்லை. இலைக்காக வருவதாக இருந்தால் வரலாம். அந்தப் பேச்சு பேச்சுதான். அவளுக்கு எழுதத்தான் முடியாது, வாசிக்க முடியும். எழுதுவதானால் எழுது, வாசித்துச் சொல்வாள்.

(இது பட்டாபி. அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். என்னை மன்னிக்க வேண்டும்.)

*

வடசேரி
19-2-1973

அக்கா,

இதை உரக்க வாசிக்காதே. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று என்று சொரிமுத்து சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்கு வந்து உன் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அத்தானுக்கு வாசித்துக் காட்டக் கடைசியில் மூன்று வரி தனியாக எழுதியிருக்கிறேன். அதை மட்டும் வாசி. அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, கண்டுபிடிக்கமாட்டார்.

இந்தக் கரிக்கையை வெட்டிப் போட்டால் உன் கை வருமென்றால் வெட்டிப் போட்டுவிடுவேன். அந்த ஒரு வரி! எந்த நேரத்தில் எழுதினேனோ! முதலில் இலையா முதலில் பிரேக்கா என்று வீம்பு பிடித்துக்கொண்டு கிடந்தேனே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் சாலைக் கடைத்தெருவுக்கு விதை வாங்கப் போவார் என்று சொரிமுத்து சொல்கிறான். அந்த நேரத்தில் ஏற்றத்துக்குக் கீழே, வாய்க்கால் பாலத்தில், டாக்சியோடு நிற்பேன். ஒன்றும் எடுத்து வராதே. நீ வந்தால் போதும். வடசேரியில் உன்னை ராணி மாதிரி வைத்துக்கொள்வேன்.

உரக்க வாசிக்க வேண்டியது:

அத்தான் அவர்களுக்கு வணக்கம். அடுத்த மாதம் ஒரு நாள் வந்து வெளி இலையில் சாப்பிடுகிறேன். அக்காளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தாணு.

*

வெள்ளாயணி
21-2-1973

தாணுவுக்கு,

இது இடது கை எழுத்து. கோணலாகத்தான் இருக்கும். யாரும் சொல்லி எழுதவில்லை. எழுத எழுத உன் அத்தானுக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறேன். எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நீ உரக்க வாசிக்காதே என்று எழுதியிருந்தாய். வாசித்துவிட்டேன். உரக்க வாசிக்காதே என்ற வரியிலிருந்தே வாசித்தேன். வாய்க்கால் பாலம், டாக்சி, ராணி, எல்லாம் வாசித்தேன். அவர் எழுந்து ஷெட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

எனக்குக் கோபம் தாணு. உன்மேலேயும் கோபம், இவர்மேலேயும் கோபம். உனக்கு இவரைத் திட்ட வேண்டும், அதற்கு என் வாய். இவருக்கு உன்னைத் திட்ட வேண்டும், அதற்கு என் கை. நடுவில் நான் ஒருத்தி சோறு தின்கிறேனா, தூங்குகிறேனா என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டதே இல்லை. நீ ஒரு தடவை கேட்டாய். கேட்ட பிறகு, முதலில் இலையா முதலில் பிரேக்கா என்று வழக்கு நடத்தினாய். அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு நான் கல் வைக்கத்தான் போனேன்.

இன்னொன்றும் இருக்கிறது. புது லைனிங் மாட்டிய புதிதில் பிரேக் கிரீச்சிட்டது. அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக ஊற்று என்று சொன்னது உன் அத்தான். ஊற்றினேன். பிறகு, நானே ஊற்றினேன் என்று எழுது என்றார். எழுதினேன். இப்போது நிஜத்தை எழுதுகிறேன். அவர் தலை குனிந்திருக்கிறது, நிமிரவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்சி வேண்டாம். திருடிக்கொண்டு போக நான் வண்டிச் சாமான் இல்லை. வெளியே போவதானால் பகலில், இந்த ஏற்றத்தில், எல்லோரும் பார்க்க இறங்கிப் போவேன். எங்கே போவேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் ஆசைப்பட்ட விருந்து நடக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. பட்டாபி சாமியை, அன்றைக்கு வந்தவர்களை, எல்லோரையும் நானே கூப்பிட்டிருக்கிறேன். வெளி வராந்தாவில் இரண்டு இலை போடுவேன். ஒன்று உனக்கு, பக்கத்தில் ஒன்று உன் அத்தானுக்கு. பரிமாறுவது நான்தான். எனக்கு இருப்பது இடது கை. சோறும் குழம்பும் பாயசமும் இடது கையால்தான் விழும். அத்தனை பேர் முன்னாலும், முகம் சுளிக்காமல், இரண்டு பேரும் தின்ன வேண்டும்.

இந்தத் தடவை யாரும் இலையை விட்டு எழுந்து போகக்கூடாது.

செண்பகவல்லி